பட்டாசு வெடிக்காத ஊர்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி: "பிள்ளைகளுக்கு இயற்கை மேல் அன்பு வந்துவிட்டால் சுற்றுச்சூழல் தானாகக் காப்பாற்றப்படும் என்கிறார்கள். ஐந்து வருடமாக இயற்கை மன்றம் நடத்துகிறேன். நடை, முகாம், மரக்கன்று எல்லாம் பார்த்தாயிற்று. அன்பு வந்த மாதிரிதான் தெரிகிறது, எதுவும் காப்பாற்றப்பட்ட மாதிரி தெரியவில்லை. இந்த இரண்டுக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?"

இருக்கிறது சார். ஆனால் அந்த 'அன்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள், அது நம்மைக் குழப்புகிறது. பதிலுக்குப் 'புழக்கம்' என்று வைத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரு ஏரியோடு, ஒரு காட்டோடு, ஒரு பறவைக் கூட்டத்தோடு கொடுக்கல் வாங்கல் இருக்கிற மனிதர்கள், அந்த இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரமும் அவர்கள் கையில் இருந்தால், பெரும்பாலும் அதைக் காப்பாற்றுகிறார்கள். புழக்கம் அறுந்தால் அன்பு மட்டும் போட்டோவாக மிஞ்சும். பதினைந்து இருபது வருடமாகப் பறவைக் கணக்கெடுப்புக்காக ஏரி ஏரியாகத் திரிந்ததில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். எப்படிப் பிடிபட்டது என்பதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வேடந்தாங்கலில் இருந்து ஆரம்பிக்கலாம், எல்லோரும் போயிருப்பீர்கள். சென்னையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள், மதுராந்தகம் பக்கம், வெறும் 30 ஹெக்டேர் அளவுள்ள ஒரு பாசன ஏரி. பெயரைப் பாருங்கள், வேடர்கள் தங்கிய இடம். வேட்டைக்காரன் பெயரை வைத்துக்கொண்டே பறவைகளைக் காப்பாற்றிய ஊர். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) சிப்பாய்கள் இங்கே வந்து பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அப்போது செங்கல்பட்டு வட்டாரத்துக்குக் (அன்றைய பெயரில் ஜாகீர்) கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். யாரும் இங்கே சுடக்கூடாது, பறவைகளைக் காக்கும் உரிமை ஊருக்கு என்று 1798-ஐ ஒட்டி அவர் ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக்கொடுத்தார். (இதே பிளேஸ் துரைதான் மதுராந்தகம் ஏரி உடைய இருந்த ராத்திரி கரைமேல் வில்லோடு இரண்டு பேர் காவல் நிற்பதைப் பார்த்தார் என்பது ஏரிகாத்த ராமர் கோயில் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் ஏரிக்கரையில் காவல் நிற்பது கடவுளே செய்யக்கூடிய வேலை என்று நினைத்த ஊர்கள் இவை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.)

இந்தக் கதையை எல்லாரும் 'இந்தியாவின் மிகப் பழைய நீர்ப்பறவைச் சரணாலயம்' என்று சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டுப் போய்விடுகிறோம். அந்த ஊர்க்காரர்கள் ஏன் கலெக்டர் வரைக்கும் போனார்கள் என்று யாரும் நின்று கேட்பதில்லை. பறவை அழகாக இருக்கிறது என்றா போனார்கள்? அழகாகவும் இருந்திருக்கும், சரி. ஆனால் அந்த ஏரியின் மடைத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

ஒரு தை மாதம், மடைக்குக் கீழே வாய்க்காலில் ஒரு பெரியவர் மண்வெட்டியோடு நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் பச்சையாக இருந்தது. ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களில் ஆயிரக்கணக்கில் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வெள்ளை அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்க, அத்தனையின் எச்சமும் நேராகத் தண்ணீரில்தான் விழுகிறது. கிட்டத்தில் போனால் அம்மோனியா நெடி, கருவாட்டு வாடை, அழுகிய இலை வாடை மூன்றும் சேர்ந்து அடிக்கும். நான் மூக்கைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். "உனக்கு நாத்தம் தம்பி, எங்களுக்கு யூரியா" என்றார். நவரைப் பட்டத்துக்கு இந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குக் கடையில் வாங்கும் உரம் குறைவாகவே போதும் என்பது அங்கே எல்லா விவசாயியும் சொல்கிற விஷயம். பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, அது தண்ணீரில் கரைந்து வயலுக்குப் போகிறது, இதில் மாயம் ஒன்றும் இல்லை. நத்தைகுத்தி நாரையின் அலகை உற்றுப் பாருங்கள், மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல் பாக்குவெட்டி மாதிரி ஒரு இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். அந்த அலகை வைத்துக்கொண்டு அது வயல்களிலும் குட்டைகளிலும் நாள் முழுக்க நத்தை பொறுக்குகிறது. ஆக பறவை ஏரியில் தங்குகிறது, வயலில் தின்கிறது, ஏரியில் எச்சமிடுகிறது, அது மறுபடி வயலுக்கு வருகிறது. இந்தச் சுற்றுக்குள் மனிதனும் ஒரு கண்ணி. அவன் பறவைக்காகப் பேசியது தன் வயலுக்காகவும்தான். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உறவு என்றாலே இரண்டு பக்கமும் ஏதாவது கை மாறுவதுதானே?

இதோடு அந்தக் கவுலும் முக்கியம். எச்சம் உரமாவது எத்தனையோ ஏரிகளில் நடக்கிறது. வேடந்தாங்கலில் கூடுதலாக இருந்தது, வெளியாள் துப்பாக்கியோடு வந்தால் 'போ' என்று சொல்ல ஊருக்குக் கையில் ஒரு காகிதம். பொதுவளங்களைப் பற்றிக் காலம் முழுக்க ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் உலகம் பூராவும் பார்த்துச் சொன்னதில் ஒன்று இதுதான்: பயன்படுத்துகிறவர்களே விதி போட முடிந்து, அந்த விதியை மேலிருக்கும் அரசும் ஒப்புக்கொண்டால், பொதுச்சொத்து அழிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடுத்து சிவகங்கை மாவட்டம். திருப்பத்தூர் பக்கம் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. ஒவ்வொரு தீபாவளிக்கும் பத்திரிகையில் இந்த ஊர்கள் வந்துவிடும், பறவைகளுக்காகப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் என்று. வனத்துறை அங்கே பிள்ளைகளுக்கு இனிப்பு கொடுக்கும் படமும் வரும். 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், மொத்தம் 38 ஹெக்டேர் சொச்சம், கண்மாய்கள்தான். ஆனால் வெடி வைக்காத வழக்கம் யாரோ விழிப்புணர்வு முகாம் நடத்தி வந்தது அல்ல. ஐப்பசியில் பறவை முட்டையில் உட்கார்ந்திருக்கும் நேரம். வெடிச் சத்தத்துக்கு எல்லாம் ஒன்றாக எழும்பும், அந்த இடைவெளியில் காக்கை வந்து முட்டையைக் கொத்திவிடும், சின்னக் குஞ்சு தடுமாறிக் கீழே விழும். இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஆள் எப்படித் திரியைப் பற்ற வைப்பான்? பறவை வந்தால் அந்த வருடம் கண்மாய் நிறையும், விளையும் என்ற நம்பிக்கையும் உண்டு. உண்மையில் காரணம் தலைகீழ்தான், தண்ணீர் இருப்பதால் பறவை வருகிறது. ஆனால் அந்த நம்பிக்கை வேலை செய்கிறதே, நான் போய்த் திருத்த மாட்டேன். கல்யாணம், கோயில் திருவிழாவுக்குக்கூட வேட்டு இல்லை. ஒரு பையனிடம் "உனக்கு ஆசையா இருக்காதாடா?" என்று கேட்டேன். "மாமா ஊருக்குப் போய் வெடிச்சிட்டு வந்துருவேண்ணே" என்றான். பட்டாசு மேல் அவனுக்கு எந்த விரோதமும் இல்லை. புகை, காற்று மாசு என்று நாம் வகுப்பெடுக்கும் எதுவும் அவனைத் தொடவில்லை. தன் கண்மாயில் வெடிக்கக் கூடாது, அவ்வளவுதான். காப்பது என்பது இப்படி இடத்தோடு கட்டுப்பட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கிறது. உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களைவிட ஒரு கண்மாயைக் காப்பாற்றுகிற இவன்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

திருநெல்வேலியில் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் இன்னும் ஒரு படி மேலே. 1994-ல் சரணாலயம் ஆனது. அங்கே பறவை குளத்தோடு நிற்காது, ஊருக்குள் வந்து வீட்டுக் கொல்லையில் இருக்கும் வேம்பிலும் கருவேலத்திலும் கூடு கட்டும். முற்றத்தில் எச்சம், இரவெல்லாம் குஞ்சுகளின் கத்தல், காயப்போட்ட துணி வீண். நம் அபார்ட்மெண்டில் ஒரு புறா பால்கனியில் முட்டையிட்டால் என்ன பாடுபடுத்துகிறோம், யோசியுங்கள். அங்கே கூட்டிலிருந்து விழுந்த மஞ்சள் மூக்கு நாரைக் குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துவிடுவார்கள். இந்தக் குஞ்சுகளைத் தூக்குவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். பயந்தால் வயிற்றில் இருக்கிற பாதி செரித்த மீனை உங்கள்மேல் கக்கிவிடும், சட்டையை இரண்டு துவைப்புக்குப் பிறகும் நாய் முகர்ந்து பார்க்கும். அனுபவம்தான். முதல் தடவை நான் கையை உதறிக் குஞ்சைக் கிட்டத்தட்டப் போட்டுவிட்டேன், பக்கத்தில் இருந்த ஆச்சி "பிடிக்கத் தெரியலன்னா விடுய்யா" என்று வாங்கி, முந்தானையால் அதன் தலையை மூடினார். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. எத்தனை புத்தகம் படித்தாலும் இது வராது. இதைத்தான் புழக்கம் என்கிறேன்.

சரி, இத்தோடு நிறுத்தினால் ஊர்ப்புறம் என்றாலே புனிதம் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். அப்படி இல்லை. இயற்கையோடு நெருங்கி வாழ்கிறவர்கள் எல்லாம் காவலர்கள் என்பது நகரத்து ஆட்கள் கட்டிய கதை. நாகாலாந்தில் வோக்கா மாவட்டத்துப் பாங்டி கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவர்கள் லோத்தா நாகர்கள், காடும் வேட்டையும் ரத்தத்தில் ஊறியவர்கள். தோயாங் மின்திட்ட அணை வந்தபோது விளைநிலம் நீரில் போனது, மீன்பிடிக்கு மாறினார்கள். சைபீரியா, மங்கோலியா பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் வழியில் அமுர் வல்லூறுகள் ஐப்பசி கார்த்திகையில் அந்த நீர்த்தேக்கத்து ஓரம் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். 2012-ல் அவற்றை மீன் வலையை மரங்களுக்கு இடையில் கட்டிப் பிடித்தார்கள், உச்ச நாட்களில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். படங்கள் வெளியே வந்து உலகமே திட்டியது. திட்டினது பலனளித்ததா என்றால், திட்டு மட்டும் இருந்திருந்தால் அடுத்த வருடம் ஒளித்துப் பிடித்திருப்பார்கள். ஊர்ச்சபை உட்கார்ந்து பேசி, பிடித்தால் அபராதம் என்று தானே விதி போட்டது, தேவாலயங்களில் பேசினார்கள், 2013-ல் வேட்டை நின்றது. அந்த வருடமே மூன்று பறவைகளுக்கு செயற்கைக்கோள் கருவி கட்டிப் பறக்கவிட்டு நாகா, பாங்டி, வோக்கா என்று பெயர் வைத்தார்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் தன் ஊர்ப் பெயர் கொண்ட பறவை அரபிக் கடலைத் தாண்டிவிட்டதா என்று ஒரு முன்னாள் வேட்டைக்காரன் கேட்கும்போது அங்கே ஒரு புதுப் புழக்கம் ஆரம்பித்துவிட்டது. கொன்ற கைதான், காத்த கையும். இரண்டுக்கும் அடியில் இருப்பது அந்தப் பறவை எப்போது வரும், எங்கே இறங்கும் என்ற அதே அறிவு.

இன்னொன்று, நம் பழைய ஏரி நிர்வாகத்தைப் பொற்காலமாகப் பாடுகிறவர்களிடமும் எனக்கு ஒத்துப்போகாது. குடிமராமத்து என்றால் ஊரே கூடித் தூர்வாரியது என்பார்கள். கூடினார்கள்தான், ஆனால் யார் சேற்றில் இறங்கினார்கள், யார் குடை பிடித்துக் கரையில் நின்றார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் கட்டின நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி பல ஊர்களில் தலித் குடும்பம். ஏரியின் ஒவ்வொரு மேடு பள்ளமும் அவர்களுக்குத்தான் தெரியும், அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம் மட்டும் அவர்களுக்கு இருக்காது. புழக்கம் ஒருத்தருக்கு, அதிகாரம் இன்னொருத்தருக்கு. அடுத்த தலைமுறை படித்து அந்த வேலையை விட்டதில் என்ன ஆச்சரியம்? நல்லவேளை விட்டார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர்களோடு போன அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை.

புழக்கம் அறுந்த கதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய், குளம் உண்டு (வடக்கே ஏரி, தெற்கே கண்மாய், நெல்லைச் சீமையில் குளம், மூன்றும் ஒன்றுதான், சண்டை வேண்டாம்). போர்வெல்லும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரமும் வந்த பிறகு, வசதி உள்ள விவசாயிக்கு மடைத் தண்ணீருக்காகக் காத்திருக்கும் அவசியம் போனது. என் தாத்தா காலத்தில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் எங்கள் ஊர் வரத்துக்காலில் ஒரு ஆள் முள்ளை வெட்டிப் போட்டால்கூட சாயங்காலத்துக்குள் பஞ்சாயத்து வரும். இப்போது அதே வரத்துக்காலில் மனை போட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் அந்தத் தண்ணீர் வேண்டாம். ஏரியை வெறுத்து யாரும் அழிக்கவில்லை. தேவைப்படாமல் போனது, அவ்வளவுதான். 2017-ல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் திரும்பி வந்தது, நான் பார்த்த இடங்களில் மண்வெட்டி திரும்பி வரவில்லை, ஜேசிபிதான் வந்தது. சீமைக்கருவேலத்தை ஒழிக்கிறோம் என்று இறங்கி, பறவை கூடு கட்டும் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துச் சாய்த்த கண்மாய் ஒன்றை நானே பார்த்தேன். எது எந்த மரம் என்று தெரிந்தவர் யாரும் வண்டிப் பக்கத்தில் நிற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் தென் மாவட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிற ஒரு வழக்கம் எனக்கு ஆச்சரியம், மீன்பிடித் திருவிழா. கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆகும்வரை யாரும் வலை வீசக் கூடாது. குறித்த நாள் விடிகாலையில் சுற்று வட்டாரமே கரையில் நிற்கும், ஊத்தா (அடியும் மேலும் திறந்த மீன்பிடிக் கூடை), கச்சா வலை, கொசுவலை, சேலை, கிடைத்ததெல்லாம் கையில். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசினதும் ஒரே பாய்ச்சல். அரை மணி நேரத்தில் தண்ணீர் சேறாகிவிடும். ஊத்தாவைக் குத்தி, மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவி, விரால் வழுக்கி ஓடும்போது வருகிற சத்தம் இருக்கிறதே! பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இது சூறையாடல். உள்ளே போய்ப் பார்த்தால் வருடம் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் கை வைக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பங்கு. அந்தக் கட்டுப்பாட்டுக்குப் போலீஸ் காவல் கிடையாது.

அரசு வேண்டாம், சட்டம் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. வேடந்தாங்கல் ஏரிக்கு 30 ஹெக்டேர் போதும் கூடு கட்ட, இரை தேடப் போதாது. பறவைகள் சுற்றிலும் உள்ள ஏரிக்கும் வயலுக்கும் போய்த்தான் குஞ்சுக்குக் கொண்டுவர வேண்டும். அதனால்தான் 1998-ல் சுற்றி 5 கிலோமீட்டரையும் சரணாலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். 2020-ல் அந்த எல்லையைச் சுருக்க யோசனை வந்தபோது எழுந்த எதிர்ப்பில் சென்னைக்காரர்களும் உண்டு, உள்ளூர்க்காரர்களும் உண்டு. தொழிற்சாலை விரிவாக்கத்தை ஒரு ஊர்ச்சபை தனியாக நின்று தடுக்க முடியாது, அங்கே சட்டம் வேண்டும். 2022-ல் வேடந்தாங்கல், கூந்தன்குளம் இரண்டும் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன, நல்லது. ஆனால் ராம்சர் பலகை மடையைத் திறந்து மூடாது, நள்ளிரவில் வலையோடு வருகிறவனைப் பார்த்து நாய் குரைத்தால் எழுந்து வந்து டார்ச் அடிக்காது.

இனி உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். வருடத்துக்குப் பன்னிரண்டு இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஒரே இடத்துக்குப் பன்னிரண்டு தடவை போங்கள். பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏரி, அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மரக்கன்று நடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள், நான் படித்த பள்ளியில் ஒரே குழியில் மூன்று வருடம் மூன்று கன்று நட்டுப் படம் எடுத்தோம். அதற்குப் பதில் மடைக்கல்லில் ஒரு கோடு போட்டு ஒவ்வொரு மாதமும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பறவை எத்தனை, எந்த வாய்க்கால் ஓடுகிறது, யார் வயல் பாய்கிறது, யார் மீன் குத்தகை எடுத்திருக்கிறார். பழைய நீர்ப்பாய்ச்சி யாராவது உயிரோடு இருந்தால் அவரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள், சும்மா வேண்டாம், பேச வரும் விருந்தினருக்குக் கொடுக்கிற பணத்தை அவருக்கும் கொடுங்கள். அப்புறம் கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு நாலு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளியோடு இப்படி ஒரு வருடம் செய்து பார்த்தோம். முதல் தடவை கரையில் ஏறினதும் ஒரு எட்டாம் வகுப்புப் பையன் சட்டைக் காலரால் மூக்கை மூடிக்கொண்டு "எப்பண்ணே திரும்புவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ, எனக்கு முன்னால் நடந்தவன் தென்மேற்கு மூலையில் நின்றுவிட்டான். "அண்ணே, போன மாசம் இங்க இவ்வளவு பாசி இல்லையே" என்றான். நோட்டைப் புரட்டினோம், இல்லைதான். வரத்துக்கால் வழியே கொஞ்ச தூரம் மேலே நடந்து போனால், பாலத்துக்கு அடியில் யாரோ சாக்கு சாக்காகக் கோழிக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். நான் யாரிடம் புகார் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டு நிற்பதற்குள் அவன் என் போனை வாங்கி அவன் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டான். "அப்பா, நம்ம ஏரியில கொட்டிட்டாங்கப்பா, தலைவரைக் கூட்டிட்டு உடனே வா."